படிப்பு பாதியில் நின்ற பெண்களுக்கும் வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விடுதலைப் போராட்ட வீராங்கனையும் சமூக சேவகியுமான துர்காபாய் தேஷ்முக்கைப் பற்றிப் பேச்சு வந்தாலே, 1923-இல் காக்கிநாடா கதர்க் கண்காட்சியில் அனுமதிச் சீட்டு இல்லாமல் வந்த நேருவைத் தடுத்து நிறுத்திய சிறுமியின் கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். சுவையான கதைதான், ஆனால், பெண்கல்விக்கு அவர் செய்த காரியம் அதில் ஒரு வரிகூட இல்லை.

எட்டு வயதில் மணம் செய்து வைக்கப்பட்டு, பின்னர் அந்தப் பந்தத்திலிருந்து விலகி, உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று மீண்ட பிறகே அவர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வை எழுதினார். சென்னையில் சட்டம் படித்து முடித்தது 1942-இல். இங்கே அவர் 1937-இல் தொடங்கிய ஆந்திர மகிளா சபா, தொடக்கத்தில் பெண்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து அனுப்பியதும் அதே காசித் தேர்வுக்குத்தான்.

சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குச் சென்ற அவர், 1952 பொதுத் தேர்தலில் தோற்றார். பெண்கல்விக்கு அது ஒருவகையில் நல்லதாகவே போயிற்று என்பேன். திட்டக் குழு உறுப்பினராகி, 1953-இல் மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவரானார். படிப்பை விட்ட வயதுவந்த பெண்களை இரண்டே ஆண்டுகளில் தேர்வுக்குத் தயார் செய்து, கிராமங்களுக்குத் தேவைப்பட்ட ஆசிரியைகளாகவும் செவிலியர்களாகவும் ஆக்கும் சுருக்கக் கல்வித் திட்டத்தை அந்த வாரியம் 1958-இல் கொண்டுவந்தது. அதே ஆண்டில் அவர் தலைமையில் அமைந்த தேசியப் பெண்கல்விக் குழு, பெண்கல்வியைத் தனிப் பிரச்சினையாகக் கருதித் தனி நிதியும் தனி நிர்வாகமும் ஒதுக்க வேண்டும் என்றது. கிராமப்புறப் பெண்கல்விக்கு மக்கள் ஆதரவு ஏன் குறைவு என்று ஆராய, 1963-இல் எம். பக்தவத்சலம் தலைமையில் ஒரு குழு அமைந்ததும் இதன் தொடர்ச்சியே.

இன்று புதுமைப் பெண் திட்டம் கல்லூரிக்குச் செல்லும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது, பாராட்டத்தக்கதே. ஆனால், ஒன்பதாம் வகுப்போடு நின்று திருமணமாகிப் போன பெண்ணுக்கு என்ன இருக்கிறது? எங்கள் தெருவில் அப்படி ஒருவர், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் அங்கன்வாடி உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்க முடியாமல் நிற்கிறார். தனித்தேர்வராக எழுதலாம் என்கிறார்கள். கணக்குப் பாடத்தை யார் சொல்லிக் கொடுப்பது? டுடோரியலுக்குக் கட்டப் பணமில்லை. கைக்குழந்தையோடு சென்றால் உள்ளே விடுவதுமில்லை.

ஒன்றியத்துக்கு ஓர் அரசுப் பெண்கள் பள்ளியிலாவது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவையும் நியமித்து, இரண்டாண்டு மாலை வகுப்புகளைக் கட்டணமின்றி நடத்தப் பள்ளிக் கல்வித் துறை முன்வர வேண்டும். வரும் கல்வியாண்டுக்கான அறிவிப்புகளிலேயே இதைச் சேர்க்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
திருவள்ளூர்.