டாக்டர் அக்காவுக்காக எங்களோடு நின்றவர்களுக்கு

அன்புடையீர்,

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உளவியல் சிகிச்சை அளித்தும் கற்பித்தும் வந்த எங்கள் டாக்டர் அக்காவின் பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக நிறைவேறியது. வெளியூர்களிலிருந்து வந்தவர்கள் திரும்பிவிட்டார்கள். வாடகைக்கு எடுத்த பந்தலும் பாத்திரங்களும் போய்ச் சேர்ந்துவிட்டன. நடந்தவை அனைத்தும் உங்களுக்குத் தெரியும் என்பதால் அவற்றை மறுபடி எழுதப் போவதில்லை. மனம் ஆறிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் சொல்ல வேண்டியவற்றில் பாதி கைநழுவிப் போகும் என்ற அச்சத்தினால், கண்ணீர் இன்னும் ஓயாத இந்த வேளையிலேயே, அவருடைய மாணவர்கள் சார்பிலும் குடும்பத்தார் சார்பிலும் இந்த மடலை எழுதுகிறேன். ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு ஏற்கெனவே வெளிவந்துவிட்டது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் தமிழில் ஆறுதல் சொன்னவர்களுக்குத் தமிழிலேயே நன்றி சொல்ல வேண்டும் என்று அக்காவின் தங்கை கேட்டுக்கொண்டார்.

முதல் நன்றிக்குரியவர் எங்கள் உறவினர் அல்லர். அக்காவை அவர் முன்பு பார்த்ததும் இல்லை. மருத்துவமனையில் அக்கா படுத்திருந்த மாடியில் இரவுக் காவல் பார்க்கும் ஜூலு பெரியவர் அவர். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், நாங்கள் அழைத்ததைப் போலவே இங்கும் ‘பாபா’ என்றே குறிப்பிடுகிறேன்.

பார்வையாளர் நேரம் முடிந்த பின் வார்டுக்குள் இருக்க அனுமதி இல்லை; வெளியே நடைபாதையில் காத்திருக்கலாம். ஆனால் அங்கே உட்கார ஒரு பெஞ்சுகூட இல்லை. எழுபது வயதைக் கடந்த தங்கை, சுவரில் சாய்ந்தபடி, கதவின் சிறு கண்ணாடி வழியாக அக்காவின் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். உட்கார வேறு இடம் தேடலாம் என்று நான் எத்தனை முறை கூப்பிட்டும் அந்தக் கதவை விட்டு நகர மறுத்துவிட்டார். சிறிது நேரம் இதைக் கவனித்துக்கொண்டிருந்த பாபா, மாடிப்படி ஓரத்தில் தாம் உட்காரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பச்சை நிறப் பிளாஸ்டிக் நாற்காலி; விரிசல் விட்ட பின்னங்கால் ஒன்று கம்பியால் இறுகச் சுற்றப்பட்டிருந்தது. தம்முடைய கம்பளி ஜெர்சியைக் கழற்றி நான்காக மடித்து இருக்கையின் மேல் வைத்தார். பிறகு நாற்காலியைக் கதவுக்கு நேர் எதிரே போடாமல் சற்றுச் சாய்வாகத் திருப்பிப் போட்டார். அப்படிப் போட்டதால், உட்கார்ந்தபடியே கண்ணாடி வழியாக அக்காவைப் பார்க்க முடிந்தது. நடைபாதையில் போவோர் வருவோர் கண்ணில் படாமல் தங்கை அழவும் முடிந்தது.

அவர் எங்களிடம் எதுவும் விசாரிக்கவில்லை. யார், என்ன நோய், எத்தனை நாளாக என்ற கேள்விகள் ஒன்றும் இல்லை. விடியும்வரை தம் இடத்தில் நின்றுகொண்டே காவல் பார்த்தார். நள்ளிரவுக்கு மேல் தங்கை எழுந்து நாற்காலியைத் திருப்பித் தரப் போனபோது, தலையசைத்து மறுத்து, “கட்டிலைப் பார்த்துக்கொண்டே இருங்கள், அம்மா” என்று மட்டும் சொன்னார். மறுநாளிலிருந்து நாங்கள் போய்ச் சேரும் முன்பே நாற்காலி அந்த இடத்தில் அதே சாய்வில் இருந்தது; எனக்கென்று இன்னொன்றையும் எங்கிருந்தோ தேடி வைத்திருந்தார். அக்காவின் கடைசி மூச்சு நின்ற வேளையில் தங்கை அங்கேதான் இருந்தார். அந்த நாற்காலி இல்லாதிருந்தால், கால் வலி தாங்காமல் அவர் வீட்டுக்குப் போயிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அக்காவிடம் படித்தவர்களுக்கு இது ஏன் என் மனத்தை இவ்வளவு உலுக்கியது என்பது விளங்கும். மன ஆலோசனைப் பயிற்சிக்கு வந்த எவருக்கும் அவர் முதலில் கற்றுக்கொடுத்தது நாற்காலி போடும் விதத்தைத்தான். நேருக்கு நேர் போடக் கூடாது. இடையில் மேசை கூடாது. வந்தவர் விரும்பினால் நம் முகத்தைப் பார்க்கவும், விரும்பாவிட்டால் சன்னலைப் பார்க்கவும் வசதியாக இருக்க வேண்டும். நாங்கள் எழுதிக் கொடுக்கும் அறிக்கைகளின் ஓரத்தில் பென்சிலால் “அவர் எங்கே உட்கார்ந்திருந்தார்?” என்று எழுதித் திருப்பி அனுப்புவார். அதற்குப் பதில் எழுதாமல் அடுத்த பாடத்துக்குப் போக முடியாது.

அந்தக் கண்டிப்பு அவர் வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து வந்தது. நிறவெறி ஆட்சியின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்த வீட்டை இழந்த குடும்பம் அவருடையது. இந்தியர்களுக்கென்று தனியாக 1961-இல் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில், கடற்படை விட்டுச்சென்ற கட்டடங்களில் திறக்கப்பட்ட கல்லூரிக்குப் படகேறிப் போய்ப் படித்தவர்களில் அவரும் ஒருவர். பின்னர், திரும்பி வரும் உரிமையைப் பறிகொடுத்து நாட்டைவிட்டு வெளியேறும் ‘எக்சிட் பெர்மிட்’டில் கப்பலேறினார். தந்தையின் இறுதிச் சடங்குக்குக்கூட அவரால் வர முடியவில்லை. லண்டனில் உளவியல் படித்து முடித்து, ஜாம்பியாவின் லுசாகாவில் நாடுகடந்து வாழ்ந்த நம் நாட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்தார். விசாரணையின்றி அடைத்துவைக்கும் 1963-இன் தொண்ணூறு நாள் காவல் சட்டத்திலும், 1967-இன் பயங்கரவாதச் சட்டத்திலும் அடைபட்டு மீண்டவர்கள் அவர்களில் பலர். மணிக்கணக்கில் நிற்க வைத்தே விசாரிப்பது அந்நாளைய பாதுகாப்புப் போலீசாரின் வழக்கம். அப்படி நிற்க வைக்கப்பட்டவர் அறைக்குள் நுழையும்போது, அவர் உட்காரும் இடத்தை அவரே தேர்ந்தெடுக்கும்படி விடுவதில்தான் சிகிச்சை தொடங்குகிறது என்று அக்கா திரும்பத் திரும்பச் சொல்வார்.

1990-இல் விடுதலை இயக்கங்கள் மீதான தடைகள் நீங்கிய பின் டர்பனுக்குத் திரும்பிவந்தார். நிறவெறிக் காலத்துக் கொடுமைகளை விசாரிக்க, பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1996 ஏப்ரலில் நம் நாட்டு ஈஸ்ட் லண்டன் நகரின் மண்டபத்தில் தன் முதல் பொது விசாரணையைத் தொடங்கியது. வாக்குமூலம் அளித்தவர்கள் 21,000-க்கும் மேற்பட்டோர். அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான் பொது மேடையில் பேசினார். அப்படிப் பேசியவர்களின் பக்கத்தில் ஒரு துணையாளர் அமர்ந்திருந்ததைத் தொலைக்காட்சியில் பலரும் பார்த்திருப்பீர்கள். தண்ணீர்க் குவளையை நகர்த்துவது, தோளில் கை வைப்பது, குரல் உடைந்தால் காத்திருப்பது ஆகியவையே அவருடைய வேலை. அந்தப் பணிக்கு ஆட்களைப் பழக்கியவர்களில் அக்காவும் ஒருவர். சாட்சிகளின் சொற்களை ‘நான்’ என்று தன்மையிலேயே மொழிபெயர்க்க வேண்டியிருந்த மொழிபெயர்ப்பாளர்கள் இரவில் உறங்க முடியாமல் தவித்ததையும் அவர்தான் கவனித்து, தம் ஓய்வு நாட்களை அவர்களுக்கென்று ஒதுக்கினார். ஆணையத்தைப் பற்றிய புகழுரைகளில் இது அதிகம் பேசப்படுவதில்லை, பேசப்பட வேண்டும்.

ஆழிப்பேரலைக்குப் பிறகு 2005-இல் நாகப்பட்டினம் போனார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்த அந்த மாவட்டத்தில், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் ஆசிரியர்களையும் அங்கன்வாடிப் பணியாளர்களையும் கிராமத்து இளைஞர்களையும் பயிற்றுவித்து மீனவர் குப்பங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. நூறாண்டுக்கு முன் தென்னாப்பிரிக்கக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் கொண்டுவந்த தமிழை அக்கா பேசியதைக் கேட்டு, பாட்டி பேசுவதைப் போல இருக்கிறது என்று சொல்லித் தம் அருகில் இடம் கொடுத்த பெண்கள் இப்போது எங்களுக்கு எழுதியிருக்கிறார்கள். வலை பின்னும் இடத்தில் தரையில் அமர்ந்து, நாள் முழுவதும் அவர்களோடு நூல் பிரித்துக்கொண்டிருந்தாராம். மூன்றாம் நாள்தான் ஒரு தாய் தன் குழந்தையின் பெயரைச் சொன்னாராம். இச்செய்தியை அக்கா எங்களிடம் ஒருபோதும் சொன்னதில்லை.

கடைசி நெடும்பயணம் ஜிம்பாப்வேயின் ஹராரேக்கு. மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, மருத்துவ நிலைய வளாகங்களில் மர பெஞ்சு போட்டு, பயிற்சி பெற்ற பாட்டிமார்களை உட்கார வைத்து நடத்தும் மன ஆலோசனைப் பணியைப் பார்க்கப் போயிருந்தார். அந்த முறை பலன் தருகிறது என்பதைக் காட்டும் ஆய்வு 2016-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தபோது, தமக்கே பரிசு கிடைத்ததைப் போல எல்லோருக்கும் தொலைபேசியில் சொல்லி மகிழ்ந்தார். பாபா தம் நாற்காலியைச் சாய்வாகத் திருப்பிப் போட்டதை அக்கா பார்த்திருந்தால், அவரைத்தான் எங்களுக்கு அடுத்த ஆசிரியராக நியமித்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

மற்றவர்களை ஒவ்வொருவராக எழுத இடம் போதாது, பொறுத்தருள வேண்டும். டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் கேன்களில் தண்ணீர் சுமந்துவந்த இளைஞர்கள், பதினாறு நாளும் சோறும் பருப்பும் புளிக்குழம்பும் சமைத்துக் கொடுத்த தெருப் பெண்கள், வந்தவர்களுக்கு வாசலைத் திறந்துவிட்ட எதிர்வீட்டு முஸ்லிம் குடும்பத்தார், கிளேர் எஸ்டேட் தகனச் சாலையில் வரிசையை ஒழுங்குபடுத்தியவர்கள், இரவு முழுவதும் பாடிய கோயில் அன்பர்கள், இரத்தம் கொடுத்தவர்கள், மருந்துச் சீட்டோடு ஓடியவர்கள், கேப்டவுனிலிருந்தும் மொரிஷியஸிலிருந்தும் பணம் அனுப்பிவிட்டுப் பெயர் சொல்லாதவர்கள், வார்டில் அக்காவின் தலைமுடியை ஒவ்வொரு காலையும் வாரிப் பின்னிவிட்ட செவிலியர்கள்: உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் தலைமுறைக்கும் கடன்பட்டிருக்கிறது.

பதினாறாம் நாள் பாபா மனைவியோடு வந்திருந்தார். அவருக்குப் புது நாற்காலி ஒன்று வாங்கித் தர விரும்பினோம். தமக்கு வேண்டாம், வார்டுக்கு வெளியே காத்திருப்பவர்களுக்கு வாங்கிப் போடுங்கள் என்றார். அவர் சொன்னபடியே செய்வதென்று மாணவர்கள் கூடி முடிவெடுத்துவிட்டோம். மருத்துவமனை நிர்வாகமும் இசைந்துவிட்டது. வந்த நன்கொடையில் செலவு போக மீந்தது அந்த மாடிக்கும் அடுத்த மாடிக்கும் முதுகு சாய்ந்து உட்காரத்தக்க நாற்காலிகள் வாங்கப் போதும். எனவே இனிப் பணம் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அக்கா நடத்திவந்த சனிக்கிழமை ஆலோசனை நேரம் நிற்காது. அடுத்த மாதத்திலிருந்து அதே மண்டபத்தில் அதே வேளையில் நாங்கள் முறை வைத்து உட்காருவோம். எங்களால் நடக்க முடிகிறவரை அதை விடமாட்டோம் என்று அவர் படத்தின் முன் உறுதி சொல்லியிருக்கிறோம். யார் வேண்டுமானாலும் வரலாம், முன்பதிவு தேவையில்லை, கட்டணமும் இல்லை. அக்கா லண்டனிலிருந்தும் லுசாகாவிலிருந்தும் எழுதிய கடிதங்கள் யாரிடமாவது இருந்தால், மூலத்தை நீங்களே வைத்துக்கொண்டு ஒரு நகல் மட்டும் எங்களுக்குத் தந்துதவுங்கள். அவர் தங்கை அவற்றைத் தேதிவாரியாக அடுக்கத் தொடங்கியிருக்கிறார்.

நன்றியுடன்,
டாக்டர் அக்காவின் மாணவர்கள் சார்பில்,
டர்பன்