பத்து வாரப் படிப்புக்குப் பணம் யார் தருவது?

அன்புள்ள நண்பா,

முழங்கால் வலி குறைந்து நீ மறுபடியும் காலையில் நடக்கப் போகிறாய் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி வந்தது. பதில் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள். நான் நடத்தும் வெல்டிங் இரவு வகுப்புக்குச் சென்ற வாரம் தேர்வு. பதினைந்து பேர் வெல்டிங் வைத்த தகடுகளை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தேன். பதின்மூன்று தகடுகளில் விரிசல் இல்லை. அன்று வீடு திரும்பும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது, ஆனாலும் தூக்கம் வரவில்லை. அவ்வளவு மகிழ்ச்சி.

அமெரிக்காவில் அரசுக் கல்லூரியில் தொழில் படிப்பவர்கள் ஏன் கட்டணத்துக்கு அலைகிறார்கள் என்று கேட்டிருந்தாய். எங்களுடையதைப் போன்ற கம்யூனிட்டி கல்லூரிகளுக்கு (இரண்டாண்டுப் பட்டமும் தொழிற்படிப்பும் தரும் உள்ளூர் அரசுக் கல்லூரிகள்) மாநில அரசு கொஞ்சம் தருகிறது, பல இடங்களில் உள்ளூர்ச் சொத்துவரியும் வருகிறது, மீதி மாணவர் கட்டணம். ஏழை மாணவருக்கு மத்திய அரசு தரும் பெல் உதவித்தொகை ஆண்டுக்கு 7,395 டாலர் வரை உண்டு. ஆனால் அதற்குப் படிப்பு குறைந்தது 15 வாரம், 600 மணி நேரம் ஓட வேண்டும் என்பதுதான் இத்தனை காலமும் பொதுவான விதி. என்னுடைய வகுப்பு பத்து வாரம். இரண்டாண்டுப் பட்டம் படிக்க வந்தவருக்குக் கிடைக்கிற பணம், ஆலை மூடி வேலை போய், சீக்கிரம் ஒரு தொழில் வேண்டும் என்று வந்து நிற்பவருக்குக் கிடைத்ததில்லை. வேலைப் பயிற்சிக்கென்று 2014இல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. அந்தப் பணம் வட்டார அலுவலகங்கள் வழியாக வருகிறது. ஆனால் அது எல்லோருக்கும் போதாது.

2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் இதை மாற்றியிருக்கிறது. 2026 ஜூலை 1 முதல், 8 வாரத்துக்குக் குறையாமல் 15 வாரத்துக்குள் முடியும் படிப்புகளுக்கும் பெல் கிடைக்கும். பல ஆண்டுகளாக இங்கே பலர் கேட்டுக்கொண்டிருந்தது இது. செய்தியைப் பட்டறையில் உரக்கப் படித்தேன்.

நிபந்தனைகள் கடுமையானவை. மாநில ஆளுநரின் ஒப்புதல் வேண்டும். சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 70 பேர் முடிக்க வேண்டும், முடித்தவர்களில் 70 விழுக்காட்டினருக்கு வேலை கிடைக்க வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு எதற்கும் உதவாத சான்றிதழைக் கையில் திணிக்கிறவர்கள் இருப்பதால் இந்தக் கட்டுப்பாடு தேவைதான். ஆனாலும் எனக்கு ஒரு பயம் இருக்கிறது.

இந்த முறை ஏழாவது வாரத்தில் ஒரு பெண் நின்றுவிட்டாள். இரண்டு குழந்தைகளின் தாய், பகலில் கிடங்கில் வேலை. கார் பழுதாகிவிட்டது, இரவு ஒன்பது மணிக்கு மேல் அவள் வீட்டுப் பக்கம் பஸ் கிடையாது. வகுப்பிலேயே நடுங்காத கை அவளுடையதுதான். கணக்கில் அவள் 'முடிக்காதவர்'. 70 என்ற எண்ணுக்கு அஞ்சும் ஒரு கல்லூரி அடுத்த முறை சேர்க்கையின்போதே இப்படிப்பட்டவர்களைத் தயக்கத்தோடுதான் பார்க்கும். யாருக்காகப் பணம் ஒதுக்கினார்களோ, அவர்களே வெளியே நிற்பார்கள். கட்டணத்தோடு போக்குவரத்துக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கும் மாநிலங்கள் கொஞ்சம் கொடுத்தால் அந்த 70 தானாக வரும். இதை நான் போகிற கூட்டங்களிலெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்னொரு விஷயம், கருவிகள். 2011 முதல் 2018 வரை மத்திய தொழிலாளர் துறை கம்யூனிட்டி கல்லூரிகளின் தொழிற்பயிற்சிக்கு ஏறக்குறைய 200 கோடி டாலர் மானியம் கொடுத்தது. நாடு முழுவதும் நல்ல பட்டறைகள் எழுந்தன. திட்டம் முடிந்தது, இயந்திரங்கள் மட்டும் மிஞ்சின, அவற்றை ஓட்டப் பணம் இல்லை. ஆர்கான் வாயுவும் வெல்டிங் ராடும் இரும்புத் தகடும் தினமும் தீர்ந்துபோகிறவை அல்லவா? வரலாற்று வகுப்பில் நாற்பது பேரை உட்கார வைக்கலாம். என்னிடம் பதினாறு தடுப்பறைகள்தான், ஒவ்வொருவரும் ஒவ்வொரு இரவும் இரும்பை எரிக்கிறார்கள். ஆனால் பட்டத்துக்குக் கணக்கில் சேராத குறுகிய படிப்பு என்பதால் பல மாநிலங்களில் ஒதுக்கீட்டுக் கணக்கில் இதற்குக் கிடைப்பது சொற்பம், சில இடங்களில் ஒன்றுமே இல்லை. குழாய் வெல்டிங்கில் தேர்ந்த ஒருவர் வெளியே வாங்கும் சம்பளத்தைக் கல்லூரி தர முடியாததால் எனக்கு உதவிக்கும் ஆள் கிடைக்கவில்லை.

நேற்று அந்தப் பெண் தொலைபேசியில் அழைத்தாள். கார் சரியாகிவிட்டதாம், அடுத்த வகுப்பில் இடம் இருக்குமா என்று கேட்டாள். ஒன்பதாம் எண் தடுப்பறையை அவளுக்கென்று எழுதி வைத்துவிட்டேன்.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். நடையை விட்டுவிடாதே.

என்றும் உன்
பழைய பெஞ்சுத் தோழன்