குபெர்ட்டினோவுக்கு வரவிருக்கும் தம்பிக்கு: முதல் குவார்ட்டரைப் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

குபெர்ட்டினோவில் உள்ள டி ஆன்சா கல்லூரியிலிருந்து ஐ-20 (மாணவர் விசாவுக்கான சேர்க்கைச் சான்று) வந்துவிட்டது என்று நீ எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். மகன் அமெரிக்காவில் ஏதோ இரண்டு வருடக் கல்லூரியில் சேர்கிறான் என்று உறவினர்களிடம் சொல்ல அப்பா தயங்குகிறார் என்றும் எழுதியிருந்தாய். அப்பாவின் தயக்கத்தைத் தீர்த்துவிடலாம். எனக்குக் கவலை தருவது உன் கடிதத்தின் இன்னொரு வரி: "முதல் வருடம் ஊர் பழகிக்கொள்கிறேன், இரண்டாம் வருடம் பல்கலைக்கழகத்துக்கு முயல்கிறேன்." இந்த எண்ணத்தோடு நீ விமானம் ஏறக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். உன்னைப் போல் புறப்படத் தயாராக இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் அப்பாவுக்கு. டி ஆன்சா போன்ற இரண்டு ஆண்டுக் கல்லூரியில், அதாவது கம்யூனிட்டி காலேஜில், தொடங்கிப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது கலிஃபோர்னியாவில் கொல்லைப்புற வழி அன்று. கிளார்க் கெர் யு.சி. எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தபோது, 1960-இல் வகுக்கப்பட்ட மாநில உயர்கல்வித் திட்டமே இந்த வாசலைத் திட்டமிட்டுத் திறந்து வைத்தது. இன்று மாநிலத்தில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. அங்கிருந்து யு.சி.யின் வளாகங்களான பெர்க்லிக்கோ டேவிஸுக்கோ போகிறவர் மூன்றாம் ஆண்டு மாணவராகச் சேர்கிறார். பட்டச் சான்றிதழில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டுமே இருக்கும். பணக் கணக்கும் அப்பாவுக்குப் புரியும். 2025-26இல் யு.சி.யில் புதிதாகச் சேரும் வெளிமாநில, வெளிநாட்டு இளநிலை மாணவர்கள், வழக்கமான கட்டணத்துக்கு மேல் கூடுதலாக மட்டுமே ஆண்டுக்கு 37,602 டாலர் கட்ட வேண்டும். கம்யூனிட்டி காலேஜிலும் வெளிநாட்டவர் உள்ளூர் மாணவரைவிடப் பல மடங்கு கட்டுகிறார்கள் என்றாலும், முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அந்தப் பெருந்தொகை மிச்சமாகிறது. டி ஆன்சா வளாகத்துக்குள் விடுதி கிடையாது, குபெர்ட்டினோவில் வாடகை மிக அதிகம் என்பதையும் அப்பாவிடம் மறைக்காமல் சொல்லிவிடு. அந்த வட்டாரப் போக்குவரத்து நிறுவனமான வி.டி.ஏ.யின் 23ஆம் எண் பேருந்து கல்லூரி வாசல் வரை வருவதால், அந்தத் தடத்தில் சற்றுத் தள்ளி அறை எடுப்பவர்கள் பலர்.

இனி உனக்கு. செப்டம்பரில் வகுப்பு தொடங்குகிறது. டி ஆன்சாவில் ஓர் ஆண்டில் இலையுதிர், குளிர், வசந்தம் என மூன்று குவார்ட்டர்கள். விரும்பினால் கோடையும் உண்டு. இரண்டு ஆண்டு முடித்ததும் வரும் இலையுதிர்ப் பருவத்தில் யு.சி.யில் சேர வேண்டுமானால், அதற்கான விண்ணப்பத்தை இரண்டாம் ஆண்டின் அக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே கொடுத்துவிட வேண்டும். அப்போது உன் கையில் இருப்பவை முதல் ஆண்டின் மூன்று குவார்ட்டர் மதிப்பெண்களும், படித்திருந்தால் ஒரு கோடையும் மட்டுமே. இரண்டாம் ஆண்டின் முதல் குவார்ட்டர் மதிப்பெண்களை ஜனவரியில் சேர்க்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். இடமாறி வருபவரைத் தேர்வு செய்யும்போது யு.சி. பள்ளி மதிப்பெண்களைப் பார்ப்பதில்லை என்பதால், உன் +2 மதிப்பெண் உனக்குக் கைகொடுக்கவும் செய்யாது, உன்னைத் தடுக்கவும் செய்யாது. ஆகவே ஊர் பழகுவதற்கென்று நீ ஒதுக்கி வைத்திருக்கும் அந்த முதல் குவார்ட்டர்தான், சேர்க்கைக் குழு பார்க்கப்போகும் மதிப்பெண்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு.

மதிப்பெண்ணைவிடப் பெரிய சிக்கல் பாட வரிசையில் இருக்கிறது. பொறியியல் பக்கம் போகிறவர்களுக்கு டி ஆன்சாவில் கால்குலஸ் மட்டும் நான்கு குவார்ட்டர். பல ஆண்டுகளாக மேத் 1ஏ, 1பி, 1சி, 1டி என்று வழங்கப்படும் வரிசை அது. அதன் பிறகும் டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்ஸ், லீனியர் அல்ஜீப்ரா என இரண்டு பாடங்கள் இருக்கின்றன. இயற்பியல் வரிசையின் முதல் பாடத்தில் உட்கார வேண்டுமானால் கால்குலஸின் முதல் பாடத்தில் தேறியிருக்க வேண்டும். இயற்பியலும் நான்கு குவார்ட்டர் ஓடும். முதல் செப்டம்பரிலேயே 1ஏ-வில் சேர்ந்தவருக்கு இவையெல்லாம் இரண்டு ஆண்டுக்குள் அடங்கும். கால்குலஸுக்கு முந்தைய பாடத்தில் தொடங்குபவருக்கோ, 1ஏ நிரம்பிவிட்டதால் அடுத்த குவார்ட்டருக்குத் தள்ளிப்போடுபவருக்கோ, முழு வரிசையும் நகர்ந்து கடைசிப் பாடம் வசந்தத்துக்கு அப்பால் போய்விழும். மேஜருக்கு (பட்டத்துக்கான முதன்மைத் துறைக்கு) வேண்டிய பாடங்களை, பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கு முந்தைய வசந்தத்துக்குள் முடித்திருக்க வேண்டும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. கெட்டிக்காரப் பிள்ளைகள் மூன்றாவது ஆண்டும் கம்யூனிட்டி காலேஜிலேயே தங்க நேர்வது பெரும்பாலும் இந்த ஒரு நழுவலால்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இதைத் தவிர்க்க அசிஸ்ட் என்னும் இணையதளத்தை இப்போதே திறந்து பார். கல்லூரி, பல்கலைக்கழகம், மேஜர் மூன்றையும் தேர்ந்தெடுத்தால் இரண்டு பத்தியாக ஒரு பட்டியல் வரும்: இடப்பக்கம் பல்கலைக்கழகத்தின் பாடம், வலப்பக்கம் அதற்கு ஈடாக ஏற்கப்படும் டி ஆன்சாவின் பாடம். சில வரிகளில் வலப்பக்கம் "நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்" என்று இருக்கும். அதற்கு ஈடான பாடம் இந்தக் கல்லூரியில் இல்லை என்று பொருள். சில வரிகளில் இடப்பக்கம் இருக்கும் ஒரு பாடத்துக்கு வலப்பக்கம் இரண்டு மூன்று பாடங்களைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். அவற்றில் ஒன்றை விட்டாலும் ஈடு கிடைக்காது. பெர்க்லி கேட்பதும் சான் டியேகோ கேட்பதும் ஒன்றல்ல. எனவே இரண்டு மூன்று வளாகங்களின் பட்டியலை அருகருகே வைத்து, எல்லோரும் கேட்கும் பாடங்களை முதலில் எடு.

டேக் எனப்படும் சேர்க்கை உறுதித் திட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில்தான் அது உண்டு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோவில் கிடையாது. ஆறில் ஒன்றுக்கு மட்டும், செப்டம்பர் மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்; பிறகு வழக்கமான விண்ணப்பத்தையும் தனியாகக் கொடுக்க வேண்டும். எல்லா மேஜருக்கும் அந்த உறுதி இல்லை. நீ விரும்பும் கம்ப்யூட்டர் சயின்ஸ் சில வளாகங்களில் அதிலிருந்து விலக்கப்பட்டிருக்கிறது. டேக் இருக்கிறதே என்று அமைதியாக இருந்துவிடாதே.

விசா விதிகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவர் ஒவ்வொரு குவார்ட்டரிலும் குறைந்தது 12 யூனிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) படித்தாக வேண்டும். முழுக்க ஆன்லைனில் நடக்கும் வகுப்புகளில் ஒன்றுதான் அந்தக் கணக்கில் சேரும். ஒரு பாடம் கடினமாக இருக்கிறது என்று நீயாகக் கைவிட்டு 12-க்குக் கீழே இறங்கினால் உன் விசா நிலையே பறிபோகும். கைவிடுவதற்கு முன்பே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிறகு செவிஸ் என்னும் அரசின் வெளிநாட்டு மாணவர் தரவுத்தளத்தில் இருக்கும் உன் பதிவை டி ஆன்சா விடுவித்து அங்கே அனுப்பும். அந்தத் தேதியை இரண்டு அலுவலகங்களிலும் பேசி முடிவு செய்தால் போதும்.

இன்னொன்று. கோவையில் பொறியியல் கல்லூரியில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு நின்றாய் அல்லவா? அந்த மதிப்பெண்கள் சரியில்லை, சொல்லாமல் விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். விடவே கூடாது. பள்ளிக்குப் பின் உலகில் எந்தக் கல்லூரியில் படித்திருந்தாலும் அதை யு.சி. விண்ணப்பத்தில் காட்ட வேண்டும். மறைத்தது பின்னால் தெரிந்தால் கிடைத்த இடத்தையும் ரத்து செய்வார்கள். அந்தச் செமஸ்டரின் மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழக முத்திரையோடு இப்போதே வாங்கி வை. இங்கே வந்த பிறகு அதற்காக அலைவது பெரும்பாடு.

சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் ஏன் கம்யூனிட்டி காலேஜ் என்று கேட்டால், எந்த மேஜர், எந்தெந்த வளாகங்கள், யார் பணம் கட்டுகிறார்கள் என்பதை உள்ளபடியே சொல். அசிஸ்ட் பட்டியலைப் படித்தவனுக்கு அந்தப் பதில் மனப்பாடம் செய்யாமலே வரும்.

கால்குலஸில் நேரடியாகச் சேர எந்தச் சான்றிதழைக் காட்ட வேண்டும் என்று கல்லூரிக்கு இந்த வாரமே மின்னஞ்சல் அனுப்பு. பதில் வந்ததும் எனக்கு எழுது. மூன்று வளாகங்களின் பட்டியலையும் வைத்துக்கொண்டு முதல் ஆண்டுக்கான பாடங்களை இருவரும் சேர்ந்து அடுக்கலாம்.

அன்புடன்,
அக்கா