எந்த கேபின் என்று கேட்டிருந்தாய்

தருமபுரி

அன்புள்ள மாப்ளே,

கடிதமும் அதோடு நீ வைத்திருந்த டெக் பிளான் (கப்பலின் ஒவ்வொரு தளத்தின் வரைபடம்) நகலும் கிடைத்தன. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்து வாசல்வரை நடக்கிறார் என்று படித்ததில் சந்தோஷம். இங்கே பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி மறுபடி விலையில்லாமல் கிடக்கிறது. அதை எடுத்தால் கடிதம் அதிலேயே முடிந்துவிடும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகும் உல்லாசக் கப்பலில் எந்த கேபின், அதாவது எந்த அறை எடுப்பது என்ற உன் கேள்விக்கே வருகிறேன்.

மேல் டெக்கில் கப்பலின் மூக்குப் பக்கமாக நீ வட்டம் போட்டிருக்கும் பால்கனி கேபினை விட்டுவிடு. தொப்பூர் கணவாயில் இறங்கும் பஸ்ஸில் கடைசி சீட்டுக்காரனைத் தூக்கித் தூக்கிப் போடும், நடு சீட்டுக்காரன் தூங்கிக்கொண்டு வருவான். கப்பலும் அதே கணக்குதான். எதிர் அலையில் மூக்கும் வாலும் சீசா பலகை மாதிரி மாறி மாறி ஏறி இறங்கும், நடுப்பகுதி கிட்டத்தட்ட நின்ற இடத்தில் நிற்கும். பக்கவாட்டு ஆட்டம் தென்னை மரம் மாதிரி, மேலே போகப் போக வீச்சு அதிகம். அதைக் குறைக்கத் தண்ணீருக்குள் இரு பக்கமும் ஸ்டெபிலைசர் என்று துடுப்பு நீட்டியிருப்பார்கள். ஆனால் மூக்கு ஏறி இறங்குவதை அது தடுக்காது. டவுன் பஸ்ஸிலேயே தலை சுற்றுகிற அம்மாவுக்கு நடுவும் கீழும்தான் இடம்.

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வரைக்கும் பயமில்லை. மலாக்கா ஜலசந்திக்கு ஒரு பக்கம் மலேசியா, இன்னொரு பக்கம் சுமத்ரா, பெரிய அலை உள்ளே வர வழியில்லை. பினாங்கைத் தாண்டிப் புக்கெட் பக்கம் திரும்பினால் அந்தமான் கடல் திறந்துகொள்ளும். பேரனின் லீவை ஒட்டி மே கடைசியில் போகிறாய், அப்போது அங்கே தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியிருக்கும். பிப்ரவரியாக இருந்தால் இவ்வளவு யோசிக்கச் சொல்லமாட்டேன்.

ஆட்டத்தைவிட அதிகம் பேர் ஏமாறுவது சத்தத்தில். கேபினைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுகிறார்கள், தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. மேலே நீச்சல்குள டெக் என்றால், நடுராத்திரியிலும் விடியற்காலையிலும் நாற்காலி இழுக்கிற சத்தம் நேரே தலையில் இறங்கும். மேலே சமையல்கட்டு என்றால் டிராலி உருளும். கீழே தியேட்டரோ டான்ஸ் ஹாலோ என்றால் பாட்டு வேண்டாம், அதன் அதிர்வே கட்டிலுக்கு வரும். மேலேயும் கீழேயும் கேபின்களே இருந்தால் நல்லது. இதைப் பார்க்க ஒரு வழி: உன் டெக், அதற்கு மேல், அதற்குக் கீழ் என்று மூன்று டெக்கின் பிளானையும் ஒரே அளவில் பிரின்ட் எடு. லிஃப்ட் கட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும்படி அடுக்கி, ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடி. உன் கேபினுக்கு நேர் மேலேயும் கீழேயும் இருப்பது தெரிந்துவிடும். எதுவும் எழுதாமல் வெள்ளையாக விட்ட கட்டங்கள் பெரும்பாலும் ஊழியர்களின் வேலை இடம். அதை ஒட்டிய அறையும் வேண்டாம்.

முன்பக்கத்துக் கீழ் கேபின்களில் இன்னொரு தொல்லை. துறைமுகத்தில் கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்த மூக்கடியில் திரஸ்டர் என்ற விசிறி ஓடும். பெரும்பாலும் விடிகாலையில்தான் ஓடும், கட்டிலோடு சேர்த்து உலுக்கும். கரையில் கட்டாமல் கடலில் நிறுத்தினால் நங்கூரச் சங்கிலியின் சத்தம் வேறு. பின்பக்கத்தில் இன்ஜின், புரொப்பெல்லர் அதிர்வு. சிலருக்கு அதுவே தாலாட்டாம்!

ஆறாவது டெக் நடுவில் ஜன்னல் கேபின் ஒன்றைக் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறாய். இடம் சரி, ஆனால் பிளானில் அதற்கு வெளியே நீளவாக்கில் வரைந்திருப்பது உயிர்காப்புப் படகு. ஜன்னல் திரையை விலக்கினால் கடல் இருக்காது, படகின் முதுகுதான். விலை குறைவாக இருக்கக் காரணம் அதுவே. மூன்றாவது டெக்கில் அதே நடுப்பகுதியைப் பார். வட்ட ஜன்னல் சின்னதுதான், ஆனால் படகுகளுக்குக் கீழே என்பதால் தண்ணீர் தெரியும். தொடுவானத்தைப் பார்க்க முடிந்தால் தலைசுற்றல் கொஞ்சம் அடங்கும். ஜன்னலே இல்லாத உள் கேபின் மலிவுதான், ஆனால் விளக்கை அணைத்தால் பகலா இரவா தெரியாது. வயதானவர் பாத்ரூமுக்கு எழும்போது தடுமாறுவார். அதனால் அது வேண்டாம்.

அம்மாவின் முட்டிக்காக லிஃப்டிலிருந்து ஐந்தாறு கதவு தள்ளி எடு. லிஃப்டை ஒட்டி எடுத்தால் இரவெல்லாம் பேச்சுச் சத்தம், கோடியில் எடுத்தால் 300 மீட்டர் கப்பலில் சாப்பாட்டு ஹாலுக்குப் போய்வருவதே அம்மாவுக்கு ஒரு நாள் வேலை. இரண்டு அறைக்கும் நடுவில் கதவு வைத்த கேபினை மகனும் நீயும் சேர்த்து எடுத்தால் வசதி. பக்கத்தில் வேறு குடும்பம் என்றால் அவர்கள் டிவி உங்கள் டிவி.

கடைசியாக, ஏஜென்ட் சொன்ன 'கேரண்டி கேபின்' ஆசையில் விழாதே. நீ தேர்ந்தெடுப்பது அறையின் வகையை மட்டும், எந்த அறை எண் என்று கப்பல்காரர்கள்தான் முடிவு செய்வார்கள். அதை மாற்றித் தரமாட்டார்கள், இரண்டு அறை என்றால் ஆளுக்கொரு மூலையில் விழலாம். அறை எண் எழுதி வாங்கிய பிறகு முன்பணம் கொடு. 'இலவச அப்கிரேடு வேண்டாம்' என்றும் சேர்த்து எழுதச் சொல். இல்லையென்றால் நல்லது செய்கிறோம் என்று மறுபடி மூக்குக்கே தூக்கிப் போட்டுவிடுவார்கள். இடது பக்கமா வலது பக்கமா என்று கேட்டிருந்தாய். போகும்போது ஒன்று, வரும்போது மற்றொன்று கரையைப் பார்க்கும், அதற்காக ஒரு ரூபாயும் கூடக் கொடுக்காதே.

மூன்றாவது டெக்கில் எண் கிடைத்ததும் எனக்கு அனுப்பு, மேலும் கீழும் பார்த்துச் சொல்கிறேன். விமானத்துக்கு பெங்களூரு போகும் அன்று ஓசூர் நெரிசலுக்கு இரண்டு மணி நேரம் கூட்டி வைத்துக்கொள். ஏர்போர்ட் ஊருக்கு அந்தப் பக்கம், தேவனஹள்ளியில்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் கூட்டாளி