மல்லிகைப்பூப் படம் யாருக்கு?

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தோம். கோலம், குத்துவிளக்கு, கூடை நிறைய மல்லிகைப்பூ. ‘என் பண்பாடு’ என்று வகுப்பில் காட்டப்போகிறாயாம். வெளிச்சமெல்லாம் சரியாகத்தான் விழுந்திருக்கிறது. ஆனால் இதை யார் பார்ப்பதற்காக எடுத்தாய்?

டொரண்டோவில்தானே இருக்கிறாய், ஒண்டாரியோ கலைக்கூடத்தில் விசாரித்துப் பார். கரீபியத் தீவுகளின் பழைய புகைப்படங்கள் 3,500க்கு மேல் 2019இல் அங்கே வந்து சேர்ந்தன. அந்தக் காலத்தில் அத்தீவுகளில் ஒன்றான டிரினிடாடில் ஃபெலிக்ஸ் மொரின் என்ற பிரெஞ்சுக்காரர் ஸ்டூடியோ வைத்திருந்தார். கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன இந்தியக் குடும்பங்களின் பெண்களைப் படமெடுத்தார். (நம் காரைக்கால் பக்கத்திலிருந்தும் 1850கள் முதல் அதே கரீபியனிலுள்ள மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கு ஆட்களை ஏற்றினார்கள்.) அந்தப் பெண்களின் கை நிறைய வெள்ளி வளையல். கூலியாகக் கிடைத்த காசை உருக்கிச் செய்த நகையாம். இப்படிப்பட்ட படங்களைத்தான் ‘கூலிப் பெண்’ என்று அச்சடித்துப் போஸ்ட்கார்டாக விற்றார்கள். பெயர் கிடையாது.

நானும் ஸ்டூடியோக்காரன்தான். தாஜ்மகால் படுதாவுக்கு முன்னால் எத்தனை பேரை நிறுத்தியிருக்கிறேன்! ஆனால் என்னிடம் காசு கொடுத்தவர்தான் படத்தில் இருப்பார், படமும் அவர் வீட்டுச் சுவருக்குத்தான் போகும். அங்கே காசு கொடுத்தவன் ஊர் பார்க்க வந்தவன்.

இப்போதுள்ள புகைப்படக்காரர்களில் எனக்கு நாடியா ஹக்கின்ஸைப் பிடிக்கும். டிரினிடாடில் பிறந்து, இன்னொரு கரீபியத் தீவான செயின்ட் வின்சென்டில் வளர்ந்தவர். கரீபியக் கடல் என்றாலே ஹோட்டல் விளம்பரம் என்று ஆகிவிட்டதல்லவா, இவர் அதே கடலில் உள்ளூர்ப் பையன்களோடு தானும் இறங்கி எடுக்கிறார். தண்ணீருக்குள் போனதும் அவர்களுடைய வீராப்பெல்லாம் கழன்றுவிடுகிறது. இவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று காட்ட ஒரு தென்னை மரம்கூட இல்லை.

வான்லி பர்க் என்ற புகைப்படக்காரரின் படங்களையும் பார். ஜமைக்காவில் இருந்த அவருடைய 10ஆவது பிறந்தநாளுக்கு, இங்கிலாந்திலிருந்த அம்மா ஒரு கோடாக் பிரவுனி கேமராவை அனுப்பினாராம். பிறகு அவரும் பர்மிங்காம் போய், தன்னைப் போல் வந்து குடியேறியவர்களைப் பல ஆண்டுகளாக எடுத்தார். பக்கத்து வீட்டுக்காரரை எடுப்பது போலத்தான்.

ஸ்கார்பரோ கடையில் உன்னோடு வேலை செய்கிற அக்காவைப் பற்றிப் போனில் அடிக்கடி சொல்வாயே, அவரைக் கேட்டுவிட்டு எடு. சம்மதித்தால் அடியில் பெயரையும் போடு. ஒரு பிரதியை அவரிடமே கொடுத்துவிடு.

மல்லிகைப்பூப் படத்தை நீக்கிவிடு என்றுதான் நான் சொல்வேன். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது, நாளைக்குப் போனில் வேறு மாதிரி சொல்வாள்.

அன்புடன்,
அப்பா