குதிரைக்குத் தாய் பெயரும் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் இங்கிலாந்தின் எப்சம் டெர்பி குதிரைப் பந்தயம் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். அண்மை ஆண்டுகளில் வென்ற குதிரைகளின் தந்தை யார், தந்தைக்குத் தந்தை யார் என்று கலீலியோ, ஃபிராங்கெல் ஆகிய பெயர்களைப் பிழையின்றிக் குறிப்பிட்டிருந்த கட்டுரையாளர், அந்தக் கலீலியோவைப் பெற்ற அர்பன் சீ என்ற பெண் குதிரையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. இது அவர் ஒருவருடைய வழக்கம் என்று சொல்ல மாட்டேன்; குதிரைப் பந்தயத்தைப் பற்றித் தமிழில் எழுதும் நாம் அனைவரும் பெரும்பாலும் இப்படித்தான் எழுதி வருகிறோம். விடுபட்டதை நிரப்பவே இக்கடிதம்.

அர்பன் சீ 1989 பிப்ரவரி 18 அன்று அமெரிக்காவின் கென்டகி மாநிலத்தில் பிறந்தது. தந்தை மிஸ்வாகி; தாய் அலெக்ரெட்டா என்ற ஜெர்மானிய வழிக் குதிரை. ஒரு வயதுக் குட்டியாகப் பிரான்சின் தோவில் நகரில் ஏலத்துக்கு வந்தபோது 2,80,000 பிராங்குக்கு விலைபோனது. உயர்குலக் குதிரைகள் விற்கும் அந்தச் சந்தையில் அது யாரையும் திரும்பிப் பார்க்க வைக்கும் விலையன்று. ஜான் லெபோர்த் என்ற பிரெஞ்சுப் பயிற்சியாளரின் லாயத்தில் வளர்ந்து, உரிமையாளரான ஹாங்காங் தொழிலதிபர் டேவிட் சூயியின் நிறங்களில் ஓடியது. 1992இல், மூன்று வயதில், பிரி வெர்மெய் பந்தயத்தில் மூன்றாவதாகவும் கனடாவின் ஈ. பி. டெய்லர் பந்தயத்தில் ஹதூஃபுக்குப் பின்னால் இரண்டாவதாகவும் வந்தது. மறு ஆண்டு பிரி எக்ஸ்பரி, பிரி கோன்தோ பிரோன் ஆகிய நடுத்தரப் பந்தயங்களை வென்றது. அதுவரை அதன் கணக்கு அவ்வளவுதான். எங்கே அழைத்துப் போனாலும் சளைக்காமல் ஓடும் என்பதைத் தவிர, அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எவருக்கும் காரணம் இருக்கவில்லை.

1993 அக்டோபர் 3 அன்று பாரிஸ் லாங்ஷாம் மைதானத்தில், ஆர்க் என்று பந்தய உலகம் சுருக்கி அழைக்கும் 2400 மீட்டர் பந்தயத்துக்கு 23 குதிரைகள் வந்து நின்றன. மழையில் ஊறிய தரை, குளம்பு வைத்தால் இறங்கும் நிலையில் இருந்தது. அர்பன் சீயின் மீது 37க்கு 1 என்ற விலை. அதாவது அது வெல்லும் என்று ஒரு பவுண்டு கட்டியவருக்கு 37 பவுண்டு லாபம் தருவதாகப் பந்தயக்காரர்கள் துணிந்து எழுதியிருந்தார்கள். அந்த ஆண்டு இங்கிலாந்தில் எக்லிப்ஸ், கிங் ஜார்ஜ் இரண்டையும் வென்றிருந்த ஓப்ரா ஹவுசும், இத்தாலிய டெர்பி வென்ற ஒயிட் மசிலும் அதே களத்தில் இருந்தபோது, அந்த விலையை ஏளனம் என்றும் சொல்வதற்கில்லை. ஆனால் நேர்ப்பாதையில் உள்வேலியோரமாகக் கிடைத்த இடைவெளியில் ஜாக்கி எரிக் சான் மார்த்தான் அர்பன் சீயைச் செலுத்தி முன்னால் கொண்டுவந்தார். ஒயிட் மசில் வெளிப்புறமிருந்து விரட்டி வந்தது. எல்லைக்கம்பத்தில் அர்பன் சீக்கு ஒரு கழுத்தளவு மிச்சம் இருந்தது. ஓப்ரா ஹவுஸ் மூன்றாவது. எரிக்கின் தந்தை ஈவ் சான் மார்த்தான் இதே பந்தயத்தை நான்கு முறை வென்ற ஜாக்கி என்பதால், மறுநாள் பேச்சில் பாதி தந்தை மகனைப் பற்றியே நடந்திருக்கும் என்று எண்ணுகிறேன். தந்தை பெயரைச் சொல்லிப் பாராட்டும் பழக்கம் மனிதர்களிடமிருந்துதானே குதிரைகளுக்குப் போனது!

1979 முதல் 1983 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பெண் குதிரைகளே வென்ற பந்தயம் ஆர்க். அதன் பிறகு 1984 முதல் 2007 வரையிலான 24 ஆண்டுகளில் அதை வென்ற ஒரே பெண் குதிரை அர்பன் சீ; அடுத்து வென்றது 2008இல் சர்காவா. இருந்தும் அந்த வெற்றியை ஓர் அதிர்ஷ்டம் என்று சொன்னவர்கள் உண்டு. ஜப்பான் கோப்பையில் எட்டாவதாக வந்தபோது அவர்கள் குரல் உயர்ந்திருக்கும். 1994 வசந்தத்தில் பிரி தார்கூரை வென்றது. அந்த ஆண்டிலேயே ஓய்வு பெற்றபோது 24 ஓட்டங்களில் 8 வெற்றிகள் அதன் பெயரில் இருந்தன. தோல்வியே காணாத குதிரைகளைப் பற்றிப் படித்துப் பழகியவர்களுக்கு இது மிகச் சாதாரணமான கணக்காகத் தோன்றும்.

உண்மையான கணக்கு அதற்குப் பிறகே தொடங்குகிறது. முதல் நான்கு ஈற்றுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1996இல் பிறந்த அர்பன் ஓஷன் அயர்லாந்தில் தரப் பந்தயம் வென்றது. 1997இல் பிறந்த மெலிகா, பெண் குதிரைகளுக்கான பந்தயமாகிய இங்கிலாந்தின் ஓக்ஸில் மூன்றாவதாகவும் ஐரிஷ் ஓக்ஸில் இரண்டாவதாகவும் வந்தது. 1998இல் பிறந்த கலீலியோ எப்சம் டெர்பி, ஐரிஷ் டெர்பி, கிங் ஜார்ஜ் மூன்றையும் ஒரே கோடையில், 2001இல், வென்றது. 1999இல் பிறந்த பிளாக் சாம் பெல்லமி முதல் தரப் பந்தயங்கள் இரண்டை வென்றது. பிறகு வந்த ஆல் டூ பியூட்டிஃபுல் 2004 ஓக்ஸில் வீஜா போர்டுக்குப் பின்னால் இரண்டாவது. மை டைஃபூன் அமெரிக்காவின் சரடோகாவில் டயானா பந்தயத்தை வென்றது. இடையில் செர்ரி ஹின்டன் என்ற மகள் ஒரு பந்தயமும் வெல்லவில்லை; ஆனால் அதன் மகள்களில் பிரேஸ்லெட் 2014 ஐரிஷ் ஓக்ஸையும், அதீனா 2018இல் நியூயார்க்கின் பெல்மான்ட் ஓக்ஸையும் வென்றன.

பெண் குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம். எனவே ஆண்டுக்கு ஒரு குட்டிதான். சில ஆண்டுகள் அதுவும் தங்காது. புகழ்பெற்ற பொலிகுதிரையோ ஒரே பருவத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பெட்டைகளுடன் சேர்க்கப்படுகிறது. நூறு முறை வலை வீசுபவனுக்கும் ஒரு முறை வீசுபவனுக்கும் கிடைத்த மீனை ஒரே தராசில் நிறுத்தால் எப்படி?

2009 மார்ச் 2 அன்று அயர்லாந்தின் தேசியப் பண்ணையில் ஓர் ஆண் குட்டியை ஈன்ற பின் ஏற்பட்ட சிக்கலில் அர்பன் சீ இறந்தது. வயது இருபது. அந்தக் கடைசிக் குட்டிக்கு பார்ன் டு சீ என்று பெயரிட்டார்கள். 2012 ஐரிஷ் டெர்பியில் அது கேமலாட்டுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தது. தாய் இறந்தபோது அதன் இன்னொரு மகன், மூன்று வயது சீ தி ஸ்டார்ஸ், பயிற்சியாளர் ஜான் ஆக்ஸின் லாயத்தில் அந்த ஆண்டுக்கான ஓட்டத்தைத் தொடங்கியிருக்கவில்லை. சரியாக இரண்டு மாதம் கழித்து, மே 2 அன்று, நியூமார்க்கெட்டில் 2000 கினீஸ் என்ற பந்தயத்தை வென்றது. ஜூனில் டெர்பி, ஜூலையில் எக்லிப்ஸ், ஆகஸ்டில் யார்க் இன்டர்நேஷனல், செப்டம்பரில் ஐரிஷ் சாம்பியன், அக்டோபர் 4 அன்று ஆர்க்: மாதத்துக்கொரு முதல் தரப் பந்தயம் என ஆறு. லாங்ஷாமில் தொடக்கத்தில் கடிவாளத்தை இழுத்துக்கொண்டு முரண்டு பிடித்து, வேலியோரம் மற்றக் குதிரைகளுக்குப் பின்னால் அடைபட்டு நின்ற நிலையில், ஜாக்கி மிக் கினேன் காத்திருந்து ஓர் இடைவெளி திறந்ததும் விட்டார். அது பாய்ந்து வெளியேறியதை இன்றைக்கும் ஒளிப்பதிவில் பார்க்கலாம். 16 ஆண்டுகளுக்கு முன் தாய் வந்த அதே உள்வேலி ஓரம். கினீஸ், டெர்பி, ஆர்க் மூன்றையும் ஒரே ஆண்டில் வென்ற முதல் குதிரை அதுதான்.

இங்கே ஒரு மறுப்பு வரும். கலீலியோவின் தந்தை சாட்லர்ஸ் வெல்ஸ், தன் காலத்தின் தலைசிறந்த பொலிகுதிரை; பெருமை அதற்குரியது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், பாதி அளவுக்கு. ஆனால் சீ தி ஸ்டார்ஸின் தந்தை கேப் கிராஸ். மை டைஃபூனின் தந்தை ஜயன்ட்ஸ் காஸ்வே. முதல் தரப் பந்தயம் வென்ற நான்கு பிள்ளைகள், மூன்று தந்தையர், ஒரே தாய். ஆர்க் வென்ற பெட்டைக்கு நல்ல பொலிகுதிரையே அமையும், அந்த வசதி எளிய பெட்டைகளுக்குக் கிடைக்காது என்பதையும் மறைக்க மாட்டேன். எனினும் அர்பன் சீயின் தாய் அலெக்ரெட்டா ஓட்டத்தில் பெரிய பெயர் எடுக்காத குதிரை. அதன் மற்றொரு மகன் கிங்ஸ் பெஸ்ட் 2000ஆம் ஆண்டு கினீஸை வென்றது. கிங்ஸ் பெஸ்டின் மகன் வொர்க்ஃபோர்ஸ் 2010இல் டெர்பி, ஆர்க் இரண்டையும் வென்றது. ‘தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டாம்’ என்று நம் ஊரில் சொல்வது அலெக்ரெட்டாவின் பரம்பரைக்கு நன்றாகவே பொருந்துகிறது.

தரோப்ரெட் என்ற பந்தயக் குதிரை இனத்தை வளர்ப்பவர்களிடையே ஒரு வழக்கு உண்டு. ஒரே தாய்க்குப் பிறந்த குதிரைகளை மட்டுமே அவர்கள் உடன்பிறப்பு என்பார்கள். கலீலியோவும் சீ தி ஸ்டார்ஸும் சகோதரர்கள். கலீலியோவின் மகன்களான ஃபிராங்கெலும் ஆஸ்திரேலியாவும் அந்த வழக்குப்படி சகோதரர்கள் ஆகமாட்டார்கள், ஏனெனில் தாய்கள் வேறு. சகோதரன் என்ற சொல்லுக்கே ஒரே உதரத்தில், அதாவது ஒரே வயிற்றில், பிறந்தவன் என்பதுதான் பொருள். தொழில் செய்பவர்கள் இந்த அளவுக்குத் தாயை மதித்து வைத்திருக்க, செய்தி எழுதும் நாம் மட்டும் தந்தையோடு நிறுத்திக்கொள்கிறோம்.

ஜெர்மானியர் இன்னும் ஒரு படி மேலே. அங்கே குட்டியின் பெயர் தாயின் பெயரின் முதலெழுத்தில் தொடங்குவது மரபு. அலெக்ரெட்டாவின் தாய் அனதெவ்கா. நாம் தந்தையின் பெயரிலிருந்து தலைப்பெழுத்து எடுத்துக்கொள்கிறோம் அல்லவா, அதற்கு நேர்மாறு. 2021 டெர்பியை வென்ற குதிரையின் பெயர் அடையார் என்றும், அதன் தாயின் பெயர் அண்ணா சாலை என்றும் அறிந்து சென்னைவாசிகள் மகிழ்ந்தது தங்களுக்கு நினைவிருக்கும். அந்தத் தாயின் தாய் அன்னா பலரிவா. அதற்குத் தாய் அன்னா ஆஃப் சாக்ஸனி. ‘அன்னா’ தாய்வழியில் வந்த பெயர். அதை நம் மவுண்ட் ரோட்டோடு முடிச்சுப் போட்டவர் சென்னையைக் கொஞ்சம் அறிந்தவராக இருக்க வேண்டும். அடையாரின் தந்தை ஃபிராங்கெல், அதற்குத் தந்தை கலீலியோ. எப்சமில் அடையார் வென்று ஐந்து வாரம் கழித்து, ஜூலை 10 அன்று, கலீலியோ இறந்தது; பிரிட்டன், அயர்லாந்தின் முதன்மைப் பொலிகுதிரை என்ற பட்டத்தை அது 12 முறை பெற்றிருந்தது, ஐந்து டெர்பி வெற்றியாளர்களுக்குத் தந்தையாகவும் இருந்தது.

2018 முதல் 2025 வரை எட்டு ஆண்டுகள் எப்சம் டெர்பியை வென்றவை: மஸார், அந்தோணி வான் டைக், செர்பன்டைன், அடையார், டெசர்ட் கிரவுன், ஆகுஸ்த் ரோதான், சிட்டி ஆஃப் டிராய், லாம்போர்ன். இந்த எட்டின் வம்சாவளியிலும் அர்பன் சீ இருக்கிறது. ஆகுஸ்த் ரோதானின் தந்தை ஜப்பானியக் குதிரை. சிட்டி ஆஃப் டிராயின் தந்தை அமெரிக்கக் குதிரை. அவ்விரண்டிலும் தாய்மார்கள் கலீலியோவின் மகள்கள். மஸாரிலோ இரு பக்கமும் அர்பன் சீதான்: தந்தை நியூ அப்ரோச் கலீலியோவின் மகன், தாய் கௌலா மெலிகாவின் மகள்வழிப் பேத்தி. இதைச் சொல்லும்போது மகிழ்ச்சியோடு சிறிது அச்சமும் எனக்கு உண்டு. ஒரே குதிரையின் ரத்தம் இரு பக்கமும் வேண்டும் என்று வளர்ப்பவர்கள் தேடித் தேடிச் சேர்த்தால், சில தலைமுறைகளில் வேறு ரத்தம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழத்தான் செய்யும். சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்த குடும்பங்களில் வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2004 ஓக்ஸில் அர்பன் சீயின் மகளை ஏழு குதிரை நீளம் பின்னுக்குத் தள்ளி வென்றது வீஜா போர்டு. பத்து ஆண்டு கழித்து அதே மைதானத்தில் டெர்பி வென்ற ஆஸ்திரேலியா அந்த வீஜா போர்டின் மகன். தந்தை, தோற்ற குதிரையின் கூடப்பிறந்த அண்ணன் கலீலியோ. சம்பந்தி ஆகிவிட்டார்கள்!

கிண்டியில் பந்தயம் நடந்த நாட்களில் வாங்கிய ரேஸ் புத்தகங்கள் சில என்னிடம் இன்னும் உள்ளன. குதிரையின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் நிறம், வயது, பின்னர் தந்தை பெயர், ஒரு சிறு கோடு, தாய் பெயர். லாயத்தில் வேலை பார்த்த வயதான குதிரைக்காரர் ஒருவர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் கட்டைவிரல் நகத்தை அந்தக் கோட்டுக்கு வலப்பக்கம் வைத்து, “இது யார் பிள்ளை, அதைச் சொல்லுங்க சார்” என்று கேட்பார். இடப்பக்கம் இருக்கும் பெயரை அவர் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

எனவே, இனி டெர்பி, ஆர்க் போன்ற பந்தயங்களின் முடிவுகளை வெளியிடும்போது வென்ற குதிரையின் தந்தை பெயரோடு தாய் பெயரையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கூடுதலாக இரண்டு சொற்கள்தான் ஆகும். பக்கத்தில் இடம் போதாது என்று பக்க வடிவமைப்பாளர் சொன்னால், விடவேண்டிய பெயர் எது என்பதை ஒரு முறையாவது மாற்றிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சைதாப்பேட்டை, சென்னை