மென்பொருள் வாங்கினால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

இங்கிலாந்து முதியோர் இல்லங்களில் டிஜிட்டல் பதிவேடு பரவிவருகிறது. என்.எச்.எஸ். (அரசின் தேசிய சுகாதாரச் சேவை) அங்கீகரித்த பட்டியலில் உள்ள மென்பொருளை வாங்கிவிட்டால் பதிவுத் தரநிலைகளைப் பின்பற்றும் கடமை தீர்ந்தது என்று சில நிர்வாகங்கள் நினைக்கின்றன. ஆனால் கோளாறு பெரும்பாலும் தட்டச்சு செய்யும் இடத்தில்தான் பிறக்கிறது.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தரப்படும் என்.எச்.எஸ். எண்ணையே பாருங்கள். 10 இலக்கங்கள், கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. முதல் ஒன்பதையும் முறையே 10 முதல் 2 வரையிலான எண்களால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து, மீதியை 11இலிருந்து கழித்தால் அந்தக் கடைசி இலக்கம் வர வேண்டும். 11 வந்தால் 0 என்று கொள்ள வேண்டும். 10 வந்தால் எண்ணே செல்லாது. ஓர் இலக்கம் பிசகினாலும் இது காட்டிக்கொடுக்கும். ஆனால் பக்கத்து அறைக்காரரின் எண்ணைப் போட்டால் கணக்கு சரியாகவே வரும்! பெயரையும் பிறந்த தேதியையும் சேர்த்து ஒப்பிட வேண்டியது அதனால்தான்.

ஒவ்வாமைப் பதிவில் நேரும் பிழை இன்னும் ஆபத்தானது. 'பெனிசிலின் ஒத்துக்காது' என்று குறிப்புப் பெட்டியில் எழுதினால் மனிதருக்குப் புரியும், மென்பொருள் எச்சரிக்காது. ஸ்னோமெட் சி.டி. (மருத்துவச் சொற்களுக்கான பொதுக் குறியீட்டு முறை) குறியீட்டோடு, என்ன எதிர்வினை, எவ்வளவு தீவிரம் என்பதையும் பதிய வேண்டும். 'ஒவ்வாமை இல்லை' வேறு, 'இன்னும் கேட்கவில்லை' வேறு. கட்டத்தைக் காலியாக விட்டால் மருத்துவமனைக்கு இரண்டும் ஒன்றுதான்.

முதியவரின் விருப்பங்களையும் தேவைகளையும் சொல்லும் 'என்னைப் பற்றி' பகுதியில் 'தேநீர் பிடிக்கும்' என்று எல்லோருக்கும் ஒட்டிவைப்பது வீண். 'வலது காது கேட்காது, இடப்பக்கம் நின்று பேசவும்' என்ற ஒரு வரி போதும்.

மென்பொருள் நிறுவனத்தை மாற்றும்போது பழைய பதிவுகள் பி.டி.எஃப். ஆகவா, குறியீடுகளோடு கூடிய தரவாகவா கிடைக்கும் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.

– வாசகர், லெஸ்டர்